வாடலுக்கும் ஒதுங்கலுக்கும் வித்தியாசம் கண்டவர்

வியாழக்கிழமை காலை, கழக்கூட்டம் போகும் பேருந்தில் இருந்தபோது செய்தி வந்தது. நான் வேலை செய்யும் பயறு ஆராய்ச்சித் திட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில், மலையாளத்தில், மூன்றே வரி. நம் வயல் பணியாளர் இன்று அதிகாலை ஆஸ்பத்திரியில் காலமானார். ஆழ்ந்த வருத்தம். இன்றைய மதிய ரீடிங்கை வேறு இருவர் பகிர்ந்து எடுப்பார்கள். முதல் பதினைந்து செடி வரிசை ஒருவர், மீதி ஒருவர். அதன் கீழே கைகூப்பும் படங்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. நானும் ஒன்று போட்டேன். மூன்றாவது வரியையும் சேர்த்துத்தான் கும்பிட்டிருக்கிறேன் என்பது ஸ்ரீகாரியம் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

இறந்தவர் பெயர் மரகதம். வயது ஐம்பத்தொன்று. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கணவரோடு கட்டட வேலைக்கு இங்கே வந்தவர். கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையின் பின்பக்கச் சந்தில், ஒற்றை அறையில், மகள் ஜெயந்தியோடு இருந்தார். இதைப் படிக்கிறவர்களில் சிலர் அவரைப் பார்த்திருக்கலாம். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறியதும் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போடுவார். பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அன்று மதியமே எங்கள் திட்டத் தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவரை எல்லோரும் சார் என்போம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மேஜையில் ஒரு தாள் டைப் செய்து தயாராக இருந்தது. கடும் வெயிலில் வயலில் இறங்க வேண்டாம் என்று அறிவுறுத்தியிருந்தும் மேற்படி பணியாளர் தன் விருப்பப்படி மதிய நேரத்தில் ரீடிங் எடுத்துவந்தார். அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தது. கீழே என் பெயரும், கையெழுத்துக்கு இடமும்.

"நீயல்லே அவங்களோட கூடவே இருந்தது. திங்கட்கிழமைக்குள்ள தந்தா போதும், கேட்டோ," என்றார் சார். குரலில் அவ்வளவு கனிவு.

மாலையில் மின்மயானத்தின் வெளியே ஜெயந்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது முடித்திருந்தாள். அவளுக்கும் ஆபீஸிலிருந்து யாரோ போன் செய்து ஆறுதல் சொல்வதுபோல் அதையே சொல்லியிருந்தார்கள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அம்ம தானாத்தான் போயி நின்னாவளா?" என்றாள். அந்தத் தாளில் இருந்தது முழுப் பொய் அல்ல. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். ஜெயந்தியின் கேள்விக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதில் இது. சற்று நீளமானது.

போன வருடம் பிப்ரவரியில் நான் அந்தத் திட்டத்தில் சேர்ந்தேன். கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம். அதில் முப்பது வரிசையில் முப்பது ரகத் தட்டைப்பயறு. இங்கே வன்பயறு என்பார்கள். கோடையில் மூன்று வாரம் தண்ணீரை நிறுத்திவிட்டு எந்த ரகம் வெப்பத்தையும் வறட்சியையும் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். வயலில் இறங்கிப் பார்க்கிறவர் மரகதம் அக்கா. அவர் நோட்டில் எழுதுவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் நான். செடிகளுக்கு மதிப்பெண் போட ஓர் அட்டை இருந்தது. ஐந்து படம். ஒன்று என்றால் நிமிர்ந்து நிற்கும் செடி, ஐந்து என்றால் காய்ந்து போனது. அதை அவருக்கு விளக்குவதுதான் என் முதல் நாள் வேலை.

"என்ன மேடம், செத்தவனுக்கு அஞ்சு மார்க்கு, நல்லா நிக்கவனுக்கு ஒண்ணா? எந்தப் பள்ளிக்கூடத்துல இப்பிடிப் போடுதாவ?" என்று கேட்டார்.

அந்த வாரம் முழுவதும் நான் மேடம். அடுத்த வாரம் பிள்ள ஆகிவிட்டேன். இலையின் சூட்டை அளக்கும் கருவி ஒன்று உண்டு. துப்பாக்கிபோல் இருக்கும், குறி வைத்து அழுத்தினால் டிகிரி காட்டும். நான் அதை எடுத்து வரும்போதெல்லாம் "போலீசு வந்துட்டு" என்பார். ஒருநாள் சார் திரும்பி நின்றபோது அவருடைய வழுக்கையைக் குறிபார்த்து அழுத்திவிட்டு என்னிடம் காட்டினார். நாற்பத்தொன்று. "இந்த வரிசைக்குத் தண்ணி விட்டுரணும் பிள்ள, தாங்காது." நான் சிரிப்பை அடக்க நோட்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்தத் துப்பாக்கியை இரண்டு கோடையிலும் எங்களில் யாரும் ஒருமுறைகூட அக்காவின் நெற்றிக்கு நேராகப் பிடிக்கவில்லை.

அவருக்கு ஐந்தாம் வகுப்புவரை படிப்பு. எழுத்து குண்டு குண்டாக, தெளிவாக இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. மற்றவர்கள் அதைக் காலியாக விடுவார்கள், அவர் விடமாட்டார். பூ உதிர்ந்தது. எறும்பு ஏறியது. கண்ணாடி வெளிச்சம் விழுந்தது. இந்தக் கடைசிக் குறிப்பு எனக்குப் புரியாமல் கேட்டேன். மதியம் நெருங்கியதும் பக்கத்துக் கட்டடத்தின் கண்ணாடி வெயிலை வாங்கிப் பதினொன்று, பன்னிரண்டாம் வரிசைமேல் திருப்பி அடிக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினார். அங்கே மட்டும் தரையில் இரண்டு வெயில். "அந்தக் கட்டடத்துக்கு மூணாம் மாடி வரைக்கும் நான் கல்லு சொமந்திருக்கேன். இப்போ கேட்டுப் பக்கம் போனா அடையாள அட்டை கேக்கான்," என்றார். கழுத்தில் அட்டை தொங்க நடந்துபோகும் இளைஞர்களுக்கு அவர் வைத்த பெயர் மணி கட்டின ஆடுகள்.

சில வரிசைகளுக்கு நேராக அவர் "ஒதுங்கியது" என்று எழுதிக்கொண்டே வந்தார். என் தமிழ், இந்த ஊரின் ஸ்ரீவராகம் பகுதியில் எங்கள் வீட்டுக்குள் பேசும் தமிழ். படித்ததெல்லாம் மலையாளத்தில். பிறகு நானாகப் புத்தகங்கள் வாசித்துத் தேற்றிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மலையாளத்தில் ஒதுங்குவது என்றால் அடங்கிப்போவது, சுருங்கிக் கச்சிதமாவது. என் காதில் அதுதான் விழுந்தது. ஆங்கிலத்தில் 'வளர்ச்சி ஒடுங்கியது' என்று ஏற்றினேன். ஒரு முறை அல்ல, பதினெட்டு நாள்.

பத்தொன்பதாம் நாள் கழிக்க வேண்டிய ரகங்களின் பட்டியல் வந்தது. ஆறு வரிசை. அவற்றுக்குச் சிவப்பு நாடா கட்டிப் பிடுங்கச் சொன்னார்கள். அக்கா இருபத்து மூன்றாம் வரிசை முன்னால் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இத யாரு பிடுங்கச் சொன்னா?"

"லிஸ்ட்ல இருக்கு அக்கா."

"லிஸ்ட்ட யாரு எழுதுனா?"

"நீங்க எழுதினதைத்தான் நான் டைப் பண்ணேன்."

"நான் என்ன எழுதுனேன், வாசி."

வாசித்தேன்.

"அதுக்கு நீ என்னன்னு அடிச்ச?"

சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "ஏ பிள்ள, நீ தமிழ்ப் பிள்ளதானா, இல்ல போர்டு மட்டும்தான் தமிழா?"

பிறகு என் கையைப் பிடித்து அந்தச் செடியின் இலைமேல் வைத்தார். மதியம் நெருங்கியிருந்தது. மூன்று இலைகளும் விளிம்பைச் சூரியனுக்குக் காட்டிச் செங்குத்தாக நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் அட்டையில் உள்ள மூன்றாம் படம், பாதி வாடிய செடி. "வாடுன எலை ஈரத்துணி மாதிரி கையில வழியும். இது அப்பளம் மாதிரி வெறச்சு நிக்கி, தெரியுதா? மழை வந்தா ஒரு கடை வாசல்ல ஒதுங்குதோம்லா, விட்டதும் போயிருதோம்லா? அது மாதிரி இது வெயிலுக்கு ஒதுங்குது. நாலு மணிக்கு வந்து பாரு, விரிச்சிருக்கும். அன்னா அந்த ஏழாம் வரிசையப் பாரு. நல்லா விரிச்சுக் காட்டிட்டு நிக்கி, ஒன் அட்டையில அதுக்குத்தான் ஒண்ணாம் மார்க்கு. அது வெவரம் கெட்டது. அதுதான் மொதல்ல சாவும்."

நான் துப்பாக்கியை எடுத்தேன். ஏழாம் வரிசையின் விரிந்த இலை, ஒதுங்கி நின்ற இருபத்து மூன்றைவிடச் சுட்டது. நாலு மணிக்குப் போனேன். விரிந்திருந்தது.

பயறு எப்படி வெப்பத்தைத் தாங்குகிறது என்பதைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய வாசித்தேன். வாசித்ததெல்லாம் அக்கா சொன்னதன் பக்கத்தில்தான் வந்து நின்றது. எந்தச் செடியும் சும்மா நின்று தாங்குவதில்லை. ஒன்று இலையைத் திருப்பிக்கொள்ளும். ஒன்று இலைத் துளைகளைச் சீக்கிரமே மூடிக்கொள்ளும். ஒன்று வேரைக் கீழே அனுப்பும். எதுவும் முடியாதபோது பூவை உதிர்த்துவிட்டு உயிரை மட்டும் வைத்துக்கொள்ளும். வெளியே இருந்து பார்க்கிற நாம் அதற்குத் தாங்குதிறன் என்று பெயர் வைத்திருக்கிறோம். உள்ளே நடப்பதெல்லாம் தப்பிக்கும் வழி தேடுவது. வழி இல்லாதது சாகும்.

என் தவறைச் சாரிடம் போய்ச் சொன்னேன். "ஒரு வார்த்தைக்கு வேண்டி லிஸ்ட் முழுக்க மாத்தணுமோ?" என்று சலித்துக்கொண்டார். பிறகு, "சாரமில்ல, பரவாயில்ல, அந்த ஆறு வரிசையும் அங்கே கிடக்கட்டும்," என்றார். கிடந்தது. ஏப்ரலில் மற்ற வரிசைகள் பூ உதிர்த்துக்கொண்டிருந்தபோது இருபத்து மூன்றில் காய் தொங்கியது. ஏழாம் வரிசை அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. சார் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அந்தக் காயைப் பிடித்துப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருடத் திட்டத்தில் 'இலைத் திருப்பம்' என்று ஒரு புதிய கட்டம் சேர்ந்தது. நிதி தருகிறவர்களுக்குக் காட்ட நான் தயாரித்த ஸ்லைடில் சார் சொல்லச் சொல்ல நானே டைப் செய்தேன்: நாங்கள் கவனித்தோம். நாங்கள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. மரகதம் அக்காவிடம் சொன்னபோது அவர் தோளைக் குலுக்கினார். "கண்டுபிடிச்சது செடி. நான் பாத்தேன். அவரு எழுதிக்கிட்டாரு. போவட்டும், பிடுங்கச் சொல்லாம விட்டாரே." அவர் பெருந்தன்மை அவரோடு. எனக்கு அது இல்லை.

இலை மதியத்தில்தான் முழுசாகத் திரும்பும். முதல் வருடம் ரீடிங் பதினொன்றரையோடு முடிந்துவிடும். இந்த வருடம் பன்னிரண்டரை முதல் இரண்டு வரை என்று மாற்றினார்கள். அதாவது, அக்கா கண்டதை அளப்பதற்காக அக்காவையே உச்சி வெயிலில் நிறுத்தினோம்.

அவர் முதல் நாளே கேட்டார். நான் அங்கே இருந்தேன்.

"சார், அந்நேரம் வெட்டவெளியில நிக்கப்படாதுன்னு கவர்மெண்டு சொல்லியிருக்குல்லா? கொத்தனாருக்கே மூணு மணி வரைக்கும் ரெஸ்ட்டு விடுதான்."

கோடையில் வெளியே வேலை செய்கிறவர்களுக்கு மதிய ஓய்வு என்று வருடா வருடம் இங்கே உத்தரவு வரும்; சாருக்கும் தெரியும். "அது கட்டடப் பணிக்கு, மரகதம். இது ஆராய்ச்சியல்லே," என்றார். பிறகு சிரித்தார். "உச்சைக்குத்தான் தெரியும்னு நீ தன்னே பறஞ்ஞது. அப்போ உச்சைக்கு எடுக்கண்டே?"

இதுதான் அந்தத் தாளில் 'தன் விருப்பப்படி' ஆனது. மதியத்தில்தான் தெரியும் என்று சொன்னவர் அவர். அதனால் மதியத்தில் நின்றதும் அவர் விருப்பம்.

குடை பிடித்துக்கொள்ளட்டுமா என்று அடுத்துக் கேட்டார். குடையின் நிழல் செடிமேல் விழுந்தால் இலையின் சூடு மாறிவிடும், ரீடிங் கெட்டுவிடும். இந்த விளக்கத்தைச் சொன்னது சார் அல்ல, நான். சரியான விளக்கம்தான். எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம். "அப்போ சரி பிள்ள. நெழலுக்கும் காசு கேக்க காலம்," என்று சொல்லிவிட்டுத் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எடுக்கலாம், நடுவில் பத்து நிமிடம் வயலோரத்து ஆபீஸான கண்டெய்னர் அறைக்கு வரச் சொல்லலாம், ஆள் மாற்றலாம். இதில் ஒன்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. செடிக்கு எது கெடுதல் என்று மட்டும் தோன்றியது. அந்தக் கண்டெய்னர் அறையில் ஏசி இருந்தது. நான் அதற்குள் உட்கார்ந்துதான் டைப் செய்தேன்.

மார்ச் கடைசியில் ஒரு குழு பார்வையிட வந்தது. சார் அவர்களை வரப்பு வரை கூட்டி வந்து, வயலில் நின்ற அக்காவையும் சேர்த்துக் காட்டினார். இவர்கள் தமிழ்நாட்டு வெயிலில் வளர்ந்தவர்கள், எவ்வளவு சூடும் தாங்குவார்கள், பழக்கம். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து என்னிடம் கேட்டார். மழுப்பாமல் சொன்னேன். அவர்கள் போன பிறகு சாரைப் பார்த்துக் கேட்டார்:

"பழக்கம்னா வெயிலு எங்களப் பாத்ததும் விலகிப் போவுமா சார்?"

சார் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். டீ குடிக்கும்போது மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

ஏன் அவர் வேலையை விடவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மயானத்திலேயே ஒருவர் கேட்டார். வேறு வேலை கிடைக்காமல் அல்ல. ஆரியசாலையில் ஜெயந்தி வேலை செய்யும் கடையிலேயே சாமான் பொட்டலம் கட்ட ஆள் கேட்டார்கள். அக்காவிடம் நானும் சொல்லிப் பார்த்தேன். "இருபத்து மூணு இந்த வருசமும் காச்சுட்டா அது நெசம். ஒரு வருசம் காச்சா யாரும் நம்பமாட்டாவ, அதிர்ஷ்டம்னுவாவ. ஒன் லிஸ்ட்டுல திரும்ப வேற எதாவது அடிச்சு வச்சேன்னா? நான் இருந்து பாத்துக்கிடுதேன்," என்றார். அவருக்கு அந்த வேலையில் விருப்பம் இருந்தது. உண்மை. அதில் திறமை இருந்தது, பிடிவாதம் இருந்தது, பெருமையும் இருந்தது. ஒருவருக்குத் தன் வேலைமேல் இருக்கும் விருப்பத்தை எடுத்து, அவர் வெயிலில் விழுந்ததற்குக் காரணமாக டைப் அடிக்கலாம் என்று நான் அந்தத் தாளைப் பார்க்கும்வரை அறியவில்லை.

செவ்வாய்க்கிழமை இன்னொரு குழு வருவதாக இருந்தது. ஸ்லைடு முடிக்க வேண்டும் என்று சார் என்னை வெளியே விடவில்லை. ஒன்றேகாலுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அக்கா குனிந்திருந்தார். ஒன்று நாற்பதுக்குப் பார்த்தபோது தெரியவில்லை. உட்கார்ந்து எழுதுகிறார் என்று நினைத்தேன். இரண்டு மணிக்கு நோட்டு வரவில்லை. அவர் நோட்டு ஒருநாளும் தாமதமாக வராது.

பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் கிடந்தார். கண்ணாடியின் வெயில் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. தொட்டால் கை சுட்டது. வியர்வை இல்லை, ஒரு சொட்டுகூட இல்லை. "ஏட்டி ஜெயந்தி, கதவத் தெற," என்றார் என்னைப் பார்த்து. திட்டத்தின் ஜீப், விருந்தாளிகளை அழைக்க விமான நிலையம் போயிருந்தது. ஆட்டோ பிடிக்க நான் சாலைவரை ஓடினேன். மணி கட்டின ஆடுகள் என்று அவர் கேலி செய்த அந்த இளைஞர்களில் இரண்டு பேர்தான் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருவன் தன் பாட்டில் தண்ணீர் முழுவதையும் அவர் கழுத்தில் ஊற்றினான். எங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர், விழுந்து கிடந்த நோட்டை எடுத்து மண்ணைத் தட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சூட்டைப் பார்த்ததும் எத்தனை மணியிலிருந்து வெயிலில் இருந்தார் என்றுதான் கேட்டார். ஹீட் ஸ்ட்ரோக் என்றே எழுதினார். சர்க்கரையும் இருந்தது, அதையும் எழுதினார். இரண்டில் ஆபீஸ் கண்ணுக்கு இரண்டாவது மட்டும் தெரிந்தது. இரண்டு இரவு ஜெயந்தி வெளியே பெஞ்சில் இருந்தாள். பிறகு அந்த மூன்று வரி வந்தது.

இனி, திங்கட்கிழமை.

அக்காவின் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ரீடிங் எடுத்த நேரத்துக்கு ஒரு கட்டம் உண்டு. பன்னிரண்டு நாற்பது, ஒன்று பத்து, ஒன்று முப்பத்தைந்து என்று அவருடைய குண்டு எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், சரிபார்த்தேன் என்பதற்கு அடையாளமாக, சார் மாலையில் பச்சை மையில் சுருக்கொப்பம் போடுவார். ஒரு நாள் தவறாது. ஆராய்ச்சியில் அவர் அவ்வளவு கறார். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைப்பது என் வேலை. இறங்க வேண்டாம் என்று அறிவுறுத்தியவரின் பச்சை மை இந்தக் கோடையின் எல்லாப் பக்கத்திலும் இருந்தது.

காலையில் சாரின் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அதை மடித்தார். "கான்ட்ராக்ட் ஜூன்லயல்லே முடியுது?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "உனக்கு நல்ல எதிர்காலம் உண்டாயிருந்நு," என்றார். இருந்தது. இறந்தகாலத்தில் சொன்னார்.

பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு போய், கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நின்ற ஜெயந்தியைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் அலுவலகம் போனேன். மயானத்தில் அவள் கேட்டதற்குப் பேருந்தில்தான் பதில் சொன்னேன். உங்கம்மா தானாகப் போகவில்லை. வேண்டாம் என்றார், குடை கேட்டார், ஓய்வு கேட்டார். எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. கடைசி வாக்கியம் சொல்லும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேருந்தை விட்டு இறங்கும்போது சொன்னாள். "நீங்க சொன்னத அங்கயும் அப்பிடியே சொல்லுங்க அக்கா. ஒங்களப் பத்தினதையும் விடாதீங்க."

விடவில்லை. அலுவலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் பக்கம் பக்கமாக வாசிக்க, அவர் மலையாளத்தில் எழுதிக்கொண்டார். பொறுமையான மனிதர். பச்சைச் சுருக்கொப்பம் யாருடையது என்று இரண்டு முறை கேட்டார். ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிவில் எங்கள் கையெழுத்துக்காகத் தாளைத் திருப்பினார். ஜெயந்தி பேனாவை எடுத்தவள், முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"சார், பேரு தப்பா இருக்கு."

இறந்தவர் பெயர் மரதகம் என்று இருந்தது. மலையாளத்தில் மரகதக் கல்லுக்கு அதுதான் பெயர். எங்கள் வருகைப் பதிவேட்டிலும் இரண்டு கோடையும் அப்படித்தான் இருந்தது. அதிலிருந்துதான் இங்கே வந்திருக்கிறது. தினமும் பார்த்தவள் நான். திருத்தத் தோன்றியதில்லை.

"ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணல்லே மோளே?" என்றார் அலுவலர். "கல்லு ஒண்ணு தன்னே."

"கல்லு ஒண்ணுதான் சார்," என்றாள் ஜெயந்தி. "ஆளு எங்கம்ம."

ஆதார் நகலை எடுத்து மேஜையில் வைத்து, தன் பக்கம் இருந்த தாளை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார். பிறகு தப்பான பெயரை ஒரே கோடாக அடித்து, நடுவில் இடம் மாறியிருந்த இரண்டு எழுத்துகளையும் அவரவர் இடத்தில் வைத்து மேலே எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ஜெயந்தி அதை எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்திட்டாள். அடுத்து நான்.

மரகதம் அக்கா, விசாரணைக்கு எங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள். போவோம். வெயில் தாழட்டும் என்று உங்களிடம் சொல்ல அந்தச் செவ்வாய்க்கிழமை எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை, அக்கா. வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள்.